வெயிலில் தெரியாத ஐந்து ஏரிகள்

எம்புசாவின் மலைப்பாதையில் ஏழு ஏரிகள் இருப்பதாகப் பூங்கா அலுவலகம் அச்சடித்த தாளில் போட்டிருந்தது. அவற்றில் இரண்டு, மலையிலும் இருந்தன.

மீதி ஐந்தைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை. காரணம், அந்த இரண்டையுமே யாரும் பார்த்ததில்லை. பாதை முடிகிற இடத்தில் ஒரு பாறை பள்ளத்தாக்கின்மேல் நாக்கை நீட்டிக்கொண்டிருக்கும். அதற்குக் காட்சிமுனை என்று பெயர். அதில் நின்று கீழே பார்த்தால் மூடுபனி தெரியும். மேலே பார்த்தாலும் அதுவேதான். எம்புசா வழிகாட்டியாகச் சேர்ந்த பத்தொன்பது வருஷத்தில் ஐந்து தடவை மட்டும் அது விலகியது. அந்த ஐந்திலும் பாறைமேல் அவன் ஒருவன்தான் இருந்தான்.

அந்த மலையின் பனி அப்படி. சுமைதூக்கி ஒருவன் ஒருமுறை நனைந்த கோட்டைக் காயட்டும் என்று அதன்மேல் விரித்துவிட்டு டீ குடிக்கப் போனான். திரும்பி வருவதற்குள் பனி நகர்ந்துவிட்டது. மூன்றாம் நாள் கோட்டு காங்கோ எல்லைக்கு அந்தப் பக்கம் கிடைத்தது. ஒரு கை மட்டும் காய்ந்திருந்ததாம். கோட்டுக்காரன் இன்னும் உயிரோடு இருக்கிறான், சந்தேகம் உள்ளவர்கள் போய்க் கேட்கலாம்.

இப்படிப்பட்ட இடத்தில் காட்சி காட்டுவதென்றால் வழிகாட்டிக்கு வாய் வேண்டும். எம்புசாவுக்கு இருந்தது. முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் மாட்டி, சேற்றில் ஆறு மணி நேரம் காலைப் பிடுங்கிப் பிடுங்கி வைத்து, மூங்கில் காடு தாண்டி, தாடிப் பாசி தொங்கும் மரங்கள் தாண்டி, வெள்ளைக்காரர்கள் அரை உயிராய் அந்தப் பாறைக்கு வந்து சேர்வார்கள். எம்புசா கைத்தடியை ஊன்றி, தொண்டையைச் செருமி, வெள்ளைச் சுவர்போல நிற்கும் பனியில் தடியால் இடம் காட்டத் தொடங்குவான். இடது கைப் பக்கம் மும்பெரே ஏரி, கரையில் வெள்ளை மணல். அதற்குக் கீழே புவம்பாலே, நடுவில் ஒரு தீவு, தீவில் ஒரே ஒரு மரம். இப்படி ஏழு வரைக்கும் போவான். வந்தவர்கள் தடி போகிற பக்கமெல்லாம் தலையைத் திருப்பி, பனியைப் படம் எடுத்துக்கொள்வார்கள். வருகையாளர் புத்தகத்தில் வாழ்நாளில் இப்படி ஒரு காட்சியைக் கண்டதில்லை என்று எழுதுவார்கள். அது உண்மைதான்.

எம்புசாவைப் பொய்யன் என்று சொல்லிவிட வேண்டாம். ஆரம்பத்தில் அவன் உண்மையைத்தான் சொன்னான். அதனால்தான் இவ்வளவும் வந்தது.

அந்த மலையில் வாழும் கொன்ஸோ இனத்தார் பிள்ளைக்குப் பெயர் தேடி மண்டையை உடைத்துக்கொள்வதில்லை. ஒரு தாய்க்கு முதலில் பிறந்த பையன் மும்பெரே. இரண்டாவது புவம்பாலே, மூன்றாவது மசெரெக்கா, நாலாவது குலே, ஐந்தாவது தெம்போ, ஆறாவது எம்புசா, ஏழாவது எண்டுங்கோ. பெயரைக் கேட்டால் வீட்டில் எத்தனையாவது என்று தெரிந்துவிடும். மலையில் இருந்த இரண்டு ஏரிகளை முன்னொரு காலத்தில் இரண்டு வேட்டைக்காரர்கள் கண்டுபிடித்தார்கள். ஒருவன் குலே, ஒருவன் எண்டுங்கோ. வேறு வேறு வீட்டுக்காரர்கள். ஏரிகளுக்கு அவர்கள் பெயரே நின்றுவிட்டது.

பத்தொன்பது வருஷத்துக்கு முன் பாதையைப் பார்த்து அறிக்கை எழுத ஓர் அதிகாரி வந்தார். அவர் பெயர் மசெரெக்கா. வந்த அன்று மழை. மறுநாளும் மழை. மூன்றாவது நாள் அவர் மலையைப் பார்ப்பதை விட்டுவிட்டு எம்புசாவின் வீட்டு அடுப்பருகே உட்கார்ந்து, மரவள்ளிக் களியும் பீன்ஸும் சாப்பிட்டபடி, மேலே என்னென்ன ஏரி இருக்கிறது என்று கேட்டார். குலே, எண்டுங்கோ என்றான் எம்புசா. அதிகாரி பேனாவை மூடவில்லை. மற்றவை எங்கே என்றார். மற்றவை இல்லை, இரண்டே இரண்டுதான் என்று எம்புசா சத்தியம் செய்தான்.

"நாலாவது இருக்கு, ஏழாவது இருக்கு. அப்ப மத்த அஞ்சும் எங்கய்யா போச்சு?" என்றார் மசெரெக்கா. "எந்த ஊர்ல ஒரு ஆத்தா எடுத்த எடுப்புலயே நாலாவது புள்ளையப் பெத்தா?"

கேள்வியில் நியாயம் இருந்தது. அதிகாரி ஏழு பெயரையும் வரிசையாக எழுதி, மூன்றாவது ஏரிக்குத் தன் பெயர் வந்ததைக் கொஞ்ச நேரம் ஆசையாகப் பார்த்துவிட்டு, அதன் பரப்பைச் சற்றே கூட்டிப் போட்டு, நேரில் கண்டேன் என்று கையெழுத்திட்டார். ஆறாவது ஏரி எம்புசாவின் பெயரில் வந்தது. தகப்பன் கொடுக்காததை அரசாங்கம் கொடுத்தது.

தகப்பன் கொடுக்காததற்கும் காரணம் உண்டு. காப்பித் தோட்டம் ஐந்து அண்ணன்களுக்குப் பங்கு பிரித்ததோடு தீர்ந்துபோனது. ஆறாமவனுக்கு மிஞ்சியது இந்தப் பாதைதான். அதை வைத்துத்தான் அவன் கல்யாணம் செய்தான், கூரைக்குத் தகரம் போட்டான், மூன்று பெண்களைப் பள்ளிக்கூடம் அனுப்பினான். அச்சடித்த தாளைக் கையில் பிடித்து வருகிறவர்கள் ஏழு எங்கே என்று கேட்டபோது இரண்டுதான் என்று சொல்லிப் பார்த்தான். முகம் சுருங்கிப் போனார்கள், ஏதோ அவனே ஐந்தை ஒளித்து வைத்துக்கொண்டதுபோல. ஆகவே தாள் வந்த மூன்றாவது வாரத்திலிருந்து ஏழையும் காட்டத் தொடங்கினான்.

போன வருஷம் மே மாதம் பூங்கா அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. மலையில் நான்கு பாதைகள் இருப்பது நிர்வாகத்துக்குச் சிரமமாம். நான்கில் மிக அழகான ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற மூன்றையும் மூடிவிடப் போகிறார்களாம். ஜூலையில் குழு வரும், நடந்து பார்க்கும், முடிவு சொல்லும்.

எம்புசாவின் மனைவி கபுகோ கடிதத்தை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள். பாதை மூடினால் அவனுக்கு இருந்தது ஒரே வழி. மூத்த அண்ணன் மும்பெரேயின் ஆடுகளை மேய்ப்பது. மும்பெரே ஆடுகளைப் பெயர் சொல்லி அழைப்பவர், தம்பியை ஏய் என்று அழைப்பவர்.

"அந்த ஆட்டுக்குப் பின்னால நீ வேணா போ," என்றாள் கபுகோ. "நான் எங்கம்மா வீட்டுக்குப் போறேன். பனியக் காட்டிப் பொழைக்கிறவனக் கட்டினேன், பரவால்ல. புழுக்கையப் பொறுக்கிப் பொழைக்கிறவன எனக்கு வேணாம்."

எம்புசா கணக்குப் போட்டுப் பார்த்தான். கீழ்ப் பாதையில் அருவி இருக்கிறது, மூன்று. மேற்குப் பாதையில் யானை வரும். வடக்குப் பாதையின் உச்சியில் சிமெண்டு பெஞ்சு போட்டிருக்கிறார்கள். தன் பாதையில் இருப்பது ஏழு ஏரி. பனி இருக்கும்வரை தோற்க வழியில்லை. ஆனால் ஜூலை, மழை குறைகிற மாதம். அவன் அலுவலகத்துக்கு நடந்துபோய், அடுத்த ஏப்ரலில் வந்தால் மலை இன்னும் அழகாக இருக்கும் என்று பணிவாகச் சொல்லிப் பார்த்தான். ஏப்ரலில் மழை பெய்யுமே என்றார் எழுத்தர். அதனால்தான் சொல்கிறேன் என்று சொல்ல முடியாமல் திரும்பி வந்தான்.

குழுவில் இரண்டு பேர். தலைவர், அதே மசெரெக்கா. பத்தொன்பது வருஷத்தில் பதவியிலும் இடுப்பிலும் ஒரே வேகத்தில் வளர்ந்திருந்தார். மேடை ஏறினால் தன் பெயரில் ஒரு ஏரி இருப்பதைச் சொல்லாமல் இறங்கமாட்டார். இன்னொருவர் தலைநகரிலிருந்து வந்த நாகியிங்கி என்ற பெண் அதிகாரி. மெலிந்த உருவம், வேக நடை, கையில் எப்போதும் போன். அவர் சொந்த ஊர்ப் பக்கம் மலையே கிடையாது, அதனால் மலையைப் பற்றி அவருக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

குழு மலை ஏறும் நாள் விடிந்தபோது எம்புசா வெளியே வந்து அண்ணாந்து பார்த்தான். வானம், தேய்த்துக் கவிழ்த்த அலுமினியப் பாத்திரம்போலப் பளபளவென்று இருந்தது. எப்போதும் பாதி மலையைத் தின்றுகொண்டிருக்கும் பனியைக் காணவில்லை. உறைபனி படிந்த சிகரம் அடுத்த வீட்டுக் கூரைபோலப் பக்கத்தில் தெரிந்தது. கோழிகள் பயந்துபோய்க் கூட்டை விட்டு இறங்கவில்லை.

அவனால் முடிந்தது, நேரத்தைக் கடத்துவது. மத்தியானத்துக்குள் எங்கிருந்தாவது ஒரு மேகம் வராதா. பாசி படிந்த மரம் ஒவ்வொன்றுக்கும் அடியில் நின்று அந்த மரத்தின் வம்ச வரலாற்றைச் சொன்னான். மூங்கில் காட்டில் கையைத் தூக்கி எல்லோரையும் நிறுத்தி, யானை என்று மெதுவாகச் சொன்னான். எங்கே என்று நாகியிங்கி கேட்டார். அவன் தாத்தா காலத்தில் இந்த வழியாகப் போனது, இன்னும் திரும்பி வரவில்லை, ஆகவே எந்த நேரமும் வரலாம் என்று விளக்கினான். நாகியிங்கி கிளம்பலாம் என்றார். ஆனால் மசெரெக்கா உதட்டின்மேல் விரலை வைத்து, யானை விஷயத்தில் விளையாடக் கூடாது என்று அதட்டி, அரை மணி நேரம் எல்லோரையும் அசையாமல் நிற்க வைத்தார்.

எம்புசா அவரைக் கவனித்தான். புத்தம் புது பூட்ஸ், விலைச்சீட்டு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு சுமைதூக்கிகள் இரண்டு பக்கமும் தாங்கிக்கொண்டார்கள். பத்தடிக்கு ஒருமுறை நின்று, மூச்சு வாங்கி, வானத்தைப் பார்த்தார். பாதையைப் பார்த்ததைவிட வானத்தைத்தான் அதிகம் பார்த்தார்.

"இங்க மத்தியானத்துல வழக்கமா மேகம் எறங்கும்ல?" என்று எம்புசாவின் காதோடு கேட்டார்.

"எறங்கணும்யா," என்றான் எம்புசா.

இருவரும் பேச வேண்டியது எல்லாம் அதில் இருந்தது.

மேகம் இறங்கவில்லை. பாறைக்கு வந்து சேர்ந்தபோது, பள்ளத்தாக்கின் அடியில் ஒரு குருவி தலையைச் சொறிந்தால் மேலிருந்து தெரியும், அவ்வளவு தெளிவு. கீழே குலே ஏரி, பால் கலக்காத காப்பி நிறத்தில். அதற்கு அப்பால் எண்டுங்கோ, சின்னது. அந்த வெள்ளைச் சிகரம் முழுவதும் அதற்குள் தலைகீழாக நின்றது. கரையில் முட்டைக்கோசுத் தலையும் தென்னந்தூர் உடம்புமாக மலைச்செடிகள் ஊர்ப் பெரியவர்கள்போல வரிசையாக நின்றன. எம்புசா தான் எதற்கு வந்தோம் என்பதை மறந்துவிட்டான். இது ஆறாவது தடவை என்பது மட்டும் ஞாபகம் இருந்தது.

நாகியிங்கி இரண்டு மூச்சு நேரம் பார்த்தார். அழகாக இருக்கிறது என்றார். பிறகு எண்ணினார். இரண்டோடு நின்றது. மறுபடி முதலிலிருந்து எண்ணினார். போனை எடுத்து வரைபடத்தைத் திறந்தார். அதில் ஏழும் நீலநீலமாக இருந்தன. இருக்காமல் என்ன, மசெரெக்காவின் அறிக்கையைப் பார்த்துத்தான் வரைபடம் வரைந்தார்கள். நாகியிங்கி பள்ளத்தாக்கையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டில் எதை நம்புவது என்பதில் அவருக்குத் தயக்கம் இருந்ததாகத் தெரியவில்லை. போனைப் பிடித்துக்கொண்டு பாறையிலிருந்து இறங்கி, பாசியில் பொதுக்பொதுக் என்று நடந்து, நூறு அடி தள்ளி ஒரு புல்வெளியில் நின்றார்.

"இதுல பாத்தா நான் இப்ப மசெரெக்கா ஏரிக்கு நடுவுல நிக்கிறேன்," என்றார்.

"பாத்தும்மா, ஆழம் அதிகம்," என்றார் மசெரெக்கா பாறைமேலிருந்து.

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. சுமைதூக்கிகள் இருவரும் திடீரென்று பூட்ஸிலிருந்து சேற்றை வழிக்க ஆரம்பித்தார்கள். நாகியிங்கி குனிந்து தன் காலைப் பார்த்தார். முழங்காலுக்குக் கீழே ஒரு பூ இருந்தது. அதன்மேல் தேனீ உட்கார்ந்திருந்தது, நனையாமல்.

அவர் திரும்பி வந்து படிவத்தை எடுத்தார். ஏரிகளின் எண்ணிக்கை என்ற இடத்தில் ஏழு என்று அச்சாகியே வந்திருந்தது. பக்கத்தில் டிக் போட ஒரு கட்டம். இரண்டு என்று எழுத இடமே விடவில்லை. இதற்கு என்ன செய்வது என்று அவர் தலைவரைப் பார்த்தார். தலைவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு எம்புசாவைப் பார்த்தார்.

"எம்புசா, பத்தொம்பது வருஷமா இந்தப் பாதை உன் பொறுப்புலதான இருக்கு?"

"ஆமாங்கய்யா."

"நான் ஏழ எழுதிக் குடுத்துட்டுப் போனேன். இப்ப ரெண்டு இருக்கு. மீதிய என்னப்பா பண்ணின?"

அரசாங்கத்தின் ஐந்து ஏரிகளைத் தொலைத்த குற்றம் சின்னதில்லை. ஆடு மேய்ப்பதோடு முடியுமா, உள்ளே வைப்பார்களா என்று எம்புசாவின் மனது ஓடியது. வேறு வழி தெரியாமல் உண்மையைச் சொன்னான். ஆதியிலிருந்தே இரண்டுதான், அன்றைக்கு அடுப்பருகே சொன்னதும் இரண்டுதான் என்று மளமளவென்று கொட்டினான். அவன் எதிர்பார்த்ததற்கு மாறாக, அதைக் கேட்டு அதிகம் கலங்கியவர் நாகியிங்கிதான். அவர் போனில் விரலை ஓட்டி, பாதைக்கு வந்தவர்கள் எழுதியதைக் காட்டினார். நாலாயிரம் பேர். ஐந்துக்கு ஐந்து நட்சத்திரம். ஒருவர் தெம்போ ஏரியின் நிறத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தார். இன்னொருவர் அதில் குளித்ததாகவே எழுதியிருந்தார்.

"இதுல ஒருத்தர் பிஷப்பு," என்றார் நாகியிங்கி. "ஏழையும் பாத்துட்டு முழங்கால் போட்டேன்னு எழுதியிருக்காரு. பிஷப்பு பொய் சொல்றாருங்கிறீங்களா?"

எம்புசா அப்படிச் சொல்லவில்லை. அந்தப் பிஷப்பு முழங்கால் போட்டதற்குக் காரணம் கால் வழுக்கியது என்பதையும் சொல்லவில்லை.

மசெரெக்கா அவன் தோளில் கை போட்டுப் பாறையின் ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார். ரெண்டு ஏரி என்று எழுதினால் பாதை மூடினது மூடினதுதான், கீழ்ப் பாதையில் மூன்று அருவி இருக்கிறது என்று மெல்லிய குரலில் ஞாபகப்படுத்தினார். மேலும், அறிக்கை பொய் என்றால் எழுதியவன் கதி என்ன ஆகும் என்று யோசிக்கச் சொன்னார். தனக்கு ஓய்வு பெற இன்னும் எட்டு மாதம்தான் இருக்கிறது என்றார்.

நாகியிங்கி பின்னாலேயே வந்துவிட்டார். சுற்றி வளைக்காமல் கேட்டார்.

"நீங்களே சொல்லுங்க. இங்க ஏழு ஏரிய உங்க கண்ணால பாத்திருக்கீங்களா, இல்லையா?"

எம்புசா கீழே பார்த்தான். குலேயும் எண்டுங்கோவும் எந்த உதவியும் செய்யாமல் மினுங்கிக்கொண்டிருந்தன. எவ்வளவு அழகாக இருந்தாலும் இரண்டு, இரண்டுதான். அவன் காதில் மும்பெரே அண்ணன் ஏய் என்று கூப்பிட்டார். பின்னால் ஆடுகள் கத்தின. ஒரு பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு கபுகோ திரும்பிப் பார்க்காமல் போனாள்.

"மூடுபனியில ஏழையும் பாத்திருக்கேன் மேடம்," என்றான். "வெயில் அடிச்சா ரெண்டுதான் தெரியும்."

மசெரெக்கா மெதுவாகத் தலையை ஆட்டினார். தானும் பத்தொன்பது வருஷத்துக்கு முன் ஏழையும் கண்டது மழையில்தான் என்று சொன்னார். அதில் ஒரு எழுத்தும் பொய்யில்லை. சில மலைகளில் வெயில் சிலவற்றை மறைத்துவிடும், அதை அனுபவம் இல்லாதவர்கள் புரிந்துகொள்வது கடினம் என்றும் சேர்த்தார். நாகியிங்கி நெற்றியைச் சுருக்கி யோசித்தார். வரைபடத்தில் ஏழு. படிவத்தில் ஏழு. நாலாயிரம் பேருக்கு ஏழு. தலைவருக்கு ஏழு, வழிகாட்டிக்கும் பனியில் ஏழு. இந்த ஒரு வெயில் மட்டும்தான் இரண்டு என்கிறது. அவர் டிக் போட்டார்.

அறிக்கை ஆகஸ்டில் வந்தது. எம்புசாவின் பாதைக்கு முதலிடம். அருவிப் பாதையை மூடினார்கள், யானைப் பாதையை மூடினார்கள். வடக்குப் பாதையின் சிமெண்டு பெஞ்சைப் பெயர்த்து எம்புசாவின் பாறைக்குக் கொண்டுவந்தார்கள். ஏரிகள் வெயிலில் புலப்படாத தன்மை உடையவை என்றும், தெளிவான நாட்களில் வருகையாளர்களுக்குத் தவறான காட்சி தெரிந்துவிட வாய்ப்பு இருப்பதால் அந்நாட்களில் பாதையை மூடிவைக்க வேண்டும் என்றும் ஒரு நிபந்தனை போட்டிருந்தார்கள். அதற்காகப் பாதையின் வாசலில் ஒரு இரும்புச் சங்கிலியும், சங்கிலிக்கு ஒரு காவலரும் வந்தார்கள். காவலர் கபுகோவின் தம்பி சக்காயோ. அவன் இதுவரை எந்த வேலையிலும் ஒரு மாதம் நீடித்ததில்லை. இந்த வேலையில் மட்டும் தீயாய் இருந்தான்.

எம்புசாவுக்கு முதுகில் ஏழு ஏரி என்று எழுதிய நீலச் சட்டை கொடுத்தார்கள். வாரத்துக்கு மூன்று கூட்டம் வந்தது. கபுகோ அவனுக்கு வாரத்தில் இரண்டு நாள் கோழி அடித்தாள். மும்பெரே அண்ணன் சந்தையில் பார்த்தபோது தம்பி என்று கூப்பிட்டார். ஏதோ ஆட்டைக் கூப்பிடுகிறாராக்கும் என்று நினைத்து எம்புசா நிற்காமல் போய்விட்டான்.

அடுத்த பிப்ரவரியில் ஒருநாள் காலை வானம் மறுபடி கழுவிவிட்டதுபோல விடிந்தது. எம்புசா கதவைத் திறந்தான், சிகரத்தைப் பார்த்தான், பூட்ஸை மாட்டினான். ஏழாவது தடவை. வேகமாக ஏறினால் மத்தியானத்துக்குள் போய்விடலாம். இருக்கிற இரண்டையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்துவிடலாம்.

வாசலில் சங்கிலி கட்டியிருந்தது. சக்காயோ தொப்பியோடு எழுந்து நின்றான். பக்கத்தில் ஜெர்மனியிலிருந்து வந்த கணவனும் மனைவியும் சோர்ந்த முகத்தோடு ஒரு மரத்துண்டின்மேல் உட்கார்ந்திருந்தார்கள்.

"மச்சான், இன்னைக்கு விடமாட்டேன். வானம் தெளிவா இருக்கு."

"டேய், நான்டா. வழிகாட்டி."

"அதனாலதான் சொல்றேன். நீங்க மேல போயி ரெண்டப் பாத்துட்டு வந்தா, நாளைக்கு ஏழு எப்படி வாயில வரும்?"

எம்புசா சங்கிலியைப் பார்த்தான். தாண்டிவிடலாம், இடுப்பு உயரம்தான். சக்காயோவும் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். தாண்டினால் அலுவலகத்துக்கு எழுதிப் போடுவேன், அக்கா புருஷன் என்று பார்க்கமாட்டேன் என்று வருத்தத்தோடு சொன்னான். பிறகு, உட்காருங்க மச்சான், எங்கே போய்விடப் போகிறது, பனி வரும் என்று மரத்துண்டில் இடம் காட்டினான்.

எம்புசா உட்கார்ந்தான். நால்வரும் சிகரத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள். எட்டு மணிவாக்கில் பள்ளத்தாக்கிலிருந்து ஒரு வெள்ளைத் துணுக்கு எழும்பியது. பிறகு இன்னொன்று. ஒன்பதுக்குச் சிகரம் போனது, காடு போனது, பத்தடியில் நின்ற அறிவிப்புப் பலகையும் போனது. ஜெர்மன்காரி சந்தோஷத்தில் கணவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சக்காயோ எழுந்து, சுண்ணாம்புக் கட்டியை எடுத்து, தடவித் தடவிப் பலகையைக் கண்டுபிடித்து, இன்று காட்சி நன்றாக இருக்கிறது என்று எழுதிவிட்டுச் சங்கிலியைக் கழற்றினான். எம்புசா தடியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தான்.